கஜலட்சுமி சொன்ன இருபத்தைந்து பெயர்கள்

பல்லேகலயில் சட்டைக் கொலர் தைக்கும் கஜலட்சுமியை நேரில் பார்த்தவர்கள் குறைவு. வானொலியில் அவள் குரலைக் கேட்காதவர்கள் கண்டிப் பக்கம் அதைவிடக் குறைவு. பாட்டு விரும்பிக் கேட்பதெல்லாம் சாக்கு. பாட்டோடு சொந்தக்காரர் பெயர்களைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பட்டியலில் இருபத்தைந்து பேர். பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் அவளை முழுதாகச் சொல்ல விட்டதில்லை. எட்டாவது பெயரில் அறிவிப்பாளர் பாட்டைப் போட்டுவிடுவார். பாவிகள்!

ஒரு காலத்தில் முதல் பெயர் அண்ணன் சந்திரகுமார். கலகெதரவில் ஆணி, தகரம் விற்கும் ஹாட்வெயார் கடை. கஜலட்சுமியின் மகள் லோஜினியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரையே அச்சகத்தில் விட்டுவிட்டார்கள். இவளும் கவனிக்காமல் ஊரெல்லாம் கொடுத்துவிட்டாள். அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. வீம்புக்கு அவர் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டினாள். மூன்று வருடமாகப் பேச்சில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை வானொலியில் தர்ம நிகழ்ச்சி. புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தின் கூரையைக் காற்றுத் தூக்கிப் போய்விட்டது. ஆளுக்கு ஒரு தகரம் கொடுத்தால் போதும். கஜலட்சுமி உடனே போன் எடுத்தாள்.

"நான் ஒரு தகரம் தரேங்க தம்பி. அப்புறம் வீட்டுக்காரர் ரமேஸ், மகள் லோஜினி, சின்னம்மா ரத்தினம்மா..."

பழக்கதோஷம். ஆனால் அறிவிப்பாளர் யுகேஷ் பாட்டுப் போடவில்லை. "சொல்லுங்கம்மா, இன்னும் சொல்லுங்க!" என்றார். கஜலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்தையும் சொல்லி முடித்தாள்.

"நேயர்களே, கஜலட்சுமி குடும்பத்திடமிருந்து இருபத்தாறு தகரம்!"

கதிரையில் இருந்த ரமேஸ் எழுந்துவிட்டார். "நம்ம வீட்டுக் கூரையிலயே பன்னெண்டுதான் இருக்கு! மாத்திச் சொல்லிடு."

"ஊரே கேட்டுருச்சுங்க. இனி எந்த மூஞ்சியோட போன் எடுப்பேன்? புள்ளைங்க வேற காத்துக்கிட்டு இருக்குங்க."

சொந்தக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். பெயர் நன்றாகக் கேட்டதாம். தகரப் பேச்சை எடுத்ததும் எல்லோருக்கும் ஒரேயடியாக லைன் சரியில்லாமல் போனது.

வேறு வழியில்லாமல் மறுநாள் கலகெதரவுக்கு பஸ் ஏறினாள். கடையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"பக்கத்து வீட்டு பாயிஸா டீச்சர் பேரு வரைக்கும் சொன்னே. கூடப் பொறந்தவன் ஞாபகம் வரலையா?"

"நீங்க கேட்டீங்களாண்ணே?"

"மூணு வருஷமா ஒருநாள் விடாம கேக்குறேன். எட்டுப் பேருக்குள்ள நான் வருவேனான்னு."

கஜலட்சுமி அங்கேயே அழுதுவிட்டாள். "பத்திரிகையைப் பாக்காம விட்டது என் பிழைதான்ணே."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு லொறிக்காரனைக் கூப்பிட்டார். "இருபத்தஞ்சு தகரம் ஏத்து. ஒண்ணை இவளே வாங்கட்டும், வாய் இவளோடதுதானே."

அடுத்த ஞாயிறு கஜலட்சுமி வழக்கம்போல வானொலிக்குப் போன் எடுத்தாள். "கலகெதர அண்ணன் சந்திரகுமார்..." என்று தொடங்கினாள். போன வாரம் இருபத்தைந்து பெயரையும் கேட்டு முடித்ததை யுகேஷ் மறக்கவில்லை. அந்த ஒரு பெயரோடு பாட்டைப் போட்டுவிட்டார்.

கஜலட்சுமிக்கு அன்றுதான் கோபமே வரவில்லை.