அக்காவின் திருத்தமும் மாமாவின் ஓட்டும்

என் அக்காவுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தவறு. 'கொஞ்சம்' என்ற சொல்லே அங்கே வரக் கூடாது.

அவளுக்கு வானிலை அலுவலகத்தில் வேலை. நாளைய மழையை இன்றே கணக்கிட ஒரு கணினி போதாது. ஒரு கூடம் நிறையக் கணினிகள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்றுக்கொன்று சேதி அனுப்பியபடியே கணக்குப் போடும். அந்தச் சேதியை எப்படி அனுப்ப வேண்டும், எப்படி வாங்க வேண்டும் என்பதற்குப் பொதுவான விதிநூல் ஒன்று உண்டு. அதில் கை வைக்க ஒரு குழுவும் உண்டு. அக்கா அந்தக் குழுவில் இருக்கிறாள். அவளுடைய கணவர், அதாவது என் மாமா, கணினி செய்யும் நிறுவனத்தின் சார்பில் அதே குழுவில் இருக்கிறார். எதிர்ப்பக்கத்தில்.

சண்டை இதுதான். பழைய விதிப்படி நடுவில் ஒரு கணினி செத்தால் மொத்தக் கணக்கும் நின்றுவிடும். ஒருமுறை அப்படி நின்று, மறுபடி முதலிலிருந்து ஓட்டி முடிப்பதற்குள் மழை வந்து, பெய்து, ஓய்ந்தும் விட்டது. அதன் பிறகு 'கனமழை பெய்யக்கூடும்' என்று அறிக்கை போனது. ஊரே சிரித்தது. தாழ்வான தெருக்களில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை, அக்காவும் சிரிக்கவில்லை. செத்ததை விட்டுவிட்டு மிச்சக் கணினிகள் வேலையைத் தொடரலாம் என்று ஒரு திருத்தம் எழுத உட்கார்ந்தாள். அதிலேயே வருஷங்கள் ஓடின.

"எது செத்துது, எது இருக்குதுன்னு ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கிட்டே இருந்தா கணக்கை எப்ப போடறது? வேகம் படுத்துடும்" என்பது மாமாவின் கட்சி. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இது முற்றி, பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வீட்டுச் சட்டம்: வாசலில் செருப்பைக் கழற்றும்போது விதிநூல் பேச்சையும் கழற்றிவிட வேண்டும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என் காரில் இரண்டு பக்கமும் பிரேக் இருக்கும். அந்த வீட்டில் இரண்டு பக்கமும் பிரேக் மட்டும்தான் இருந்தது.

குழுவில் ஒரு வழக்கம். திருத்தத்தை எல்லார் முன்னாலும் ஒரு சொல் விடாமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பிறகுதான் ஓட்டு. ஆனால் கூட்டத்துக்கு வெகு முன்பே அதை ஒப்படைத்துவிட வேண்டும். அதன் பிறகு யாராவது பிழை கண்டுபிடித்தால் போச்சு, பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் மதியம் அக்கா சமையலறையில் நின்று சத்தமாகப் படித்துப் பழகினாள். மாமா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்தான் மூடியிருந்தது, காது திறந்திருந்தது.

சற்று நேரத்தில் எனக்குப் போன் வந்தது. மாமாதான்.

"மாப்ளே, உங்க அக்காவை மூணாம் பக்கத்தைத் திரும்பப் பாக்கச் சொல்லு. ரெண்டு கணினிக்கு நடுவுல கம்பி மட்டும் அறுந்தா, இது அதைச் செத்துடுச்சுன்னு நினைக்கும், அது இதைச் செத்துடுச்சுன்னு நினைக்கும். ரெண்டும் தனித்தனியா மழை பெய்ய வைக்கும். அதுக்கு அவ ஒண்ணுமே எழுதலை."

"நீங்களே சொல்லலாமே மாமா? அடுத்த அறைதானே?"

"வீட்டுச் சட்டம்பா. நான் சொன்னேன்னு சொல்லாதே."

எனக்கு எரிச்சல் வந்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டு, "மாமா சொன்னார்" என்றே ஆரம்பித்தேன். மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமாண்டா, விட்டுட்டேன்" என்றாள். சரிசெய்து ஒப்படைத்தாள். மாமா மட்டும் சும்மா இருந்திருந்தால், கூட்டத்தில் எழுந்து அந்த ஒரே கேள்வியில் அவளைக் கவிழ்த்திருக்கலாம். அது அவளுக்கும் தெரியும்.

கூட்டம் இந்த முறை எங்கள் ஊரிலேயே நடந்தது. இருவரையும் என் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்களுக்கான பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். அக்கா படித்தாள். மூணாம் பக்கத்தில் மாமா தலையை ஆட்டினார். சரி, மனுஷன் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஓட்டுக் கேட்டார்கள். மாமா "வேண்டாம்" என்றார். அந்த ஒரு ஓட்டு மாறியிருந்தால் திருத்தம் ஜெயித்திருக்கும். தோற்றது.

திரும்பும் வழியில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இதென்ன மாமா, பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டற வேலை?"

"தப்பு எழுதி அவ தோற்கக் கூடாது. அதான் சொன்னேன்" என்றார். "ஆனா வேகம் குறையாதுன்னு யாரும் எனக்குக் காட்டலையே."

பின்சீட்டில் அழுதுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "ஓட்டிப் பாத்து அளந்து வெச்சிருக்கேன். குழுவுல ஒவ்வொருத்தரையும் தேடிப் போய்க் காட்டினேன்."

"எனக்குக் காட்டலை."

வீடு வந்தது. மாமா வாசலில் செருப்பைக் கழற்றி, வழக்கம்போல் வாயையும் மூடிக்கொண்டார். அக்கா கழற்றவில்லை. செருப்புக் காலோடு உள்ளே போய், அளந்து வைத்த காகிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள்.

"ஊர் ஊரா அலைஞ்சு ஓட்டு சேர்த்தேன். குறைஞ்ச அந்த ஒரு ஓட்டு என் வீட்டுலயே சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டு இருந்திருக்கு" என்றாள். "உட்காருங்க."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனார்கள்.