சாலைப் பக்கத்துச் சுவர்

பக்கத்து வீட்டில் சுவரை உடைக்கிறார்கள். சமையலறையிலிருந்து கொல்லைக்குப் போக ஒரு கதவு இருந்தால் நன்றாக இருக்கும் என்று நேற்று அந்த வீட்டம்மா சொன்னாராம். இன்று காலையிலேயே கொத்தனார் வந்துவிட்டார். உளியின் தலையில் சுத்தியல் விழும் சத்தம் என் மேசைவரை வருகிறது, பின்னாலேயே பழைய செங்கல் பொடியின் வாசனையும். சாயங்காலத்துக்குள் நிலை வைத்துவிடுவேன் என்கிறார் கொத்தனார். அதைக் கேட்டதும் முதலில் பொறாமையாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. இப்படி ஒரு கதவைக் கேட்டுத்தான் ஒரு நர்ஸம்மா ஊர் ஊராக நடந்தார்.

எழுபதுகளின் கடைசி அது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் பிரசவ விடுதி கட்ட உத்தரவாகி, ஓவர்சியராக என்னை அனுப்பினார்கள். நிலம் கொடுத்தவர் அவ்வூர்த் தோட்டத்துக்காரர். தன் அப்பா பெயரில் கொடுத்த நிலம் என்பதால் கட்டடத்தின் முகம் அப்பாவின் சமாதியைப் பார்த்து இருக்கவேண்டும் என்றார். சமாதி கிழக்கே, தோட்டத்துக்குள். சாலையோ மேற்கே. பொறியாளர் வரைபடத்தை அப்படியே திருப்பி வைத்தார். மருத்துவ அதிகாரிக்கு அறைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். ஒன்றியத் தலைவருக்குத் தேர்தலுக்கு முன் திறப்பு விழா நடந்தால் போதும். நால்வரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடி சம்மதித்தார்கள். நால்வரும் ஒருசேர அந்த மண்ணில் முதன்முதலாக நின்றது திறப்பு விழா அன்றுதான், அதுவும் பந்தலுக்கடியில், மாலையோடு.

இப்படித்தான் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பிரசவ விடுதி எழுந்தது. மலையிலிருந்து கட்டிலில் தூக்கிவரும் பெண்களைச் சாலையில் இறக்கி, கட்டடத்தின் பக்கவாட்டில் வேலிக்கும் சுவருக்கும் நடுவே, மழைநீர் ஓடி அரித்த சந்தில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நர்ஸம்மா திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தொட்ட வயது. வந்து சேர்ந்த அன்றே சாலைப் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இங்கொரு கதவு இருக்கோணுமே சாமி, மறந்துட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டார். மறக்கவில்லை, நினைக்கவேயில்லை என்பதை நான் எப்படிச் சொல்வது?

கேட்கத் தொடங்கினார். மருத்துவத் துறை எழுதிக் கேட்டால் உடைக்கிறோம் என்றது பொறியாளர் அலுவலகம். சாலைவரை பாதை இருந்தால் எழுதுகிறோம் என்றது மருத்துவத் துறை. கதவே இல்லாமல் பாதை எதற்கு என்றார் ஒன்றியத் தலைவர். சாலையில் கதவு வைத்தால் சமாதிப் பக்கம் பின்வாசலாகிவிடும், கூடாது என்றார் தோட்டத்துக்காரர். சொந்தக் காசில் உடைக்கலாமென்று நர்ஸம்மா கூப்பிட்ட கொத்தனார்களும் அரசாங்கச் சுவரில் உளி வைக்க மாட்டோமென்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கட்டடத்தைப் பார்வையிட நால்வரையும் ஒரே நாளில் வரவழைத்தது நர்ஸம்மாவின் சாமர்த்தியம். ஒருவர் வருகிறார் என்று மற்றவரிடம் சொல்லியே எல்லோரையும் வரவைத்தார். காப்பி கொடுத்தார். பிறகு சாலையோரம் கயிற்றுக் கட்டிலைப் போட்டார்.

"ஏனுங்க, நாலு பேரு வந்திருக்கீங்க. கட்டலுக்கும் நாலு காலுதானுங்க. ஆளுக்கொண்ணு புடிங்க."

சிரித்தார்கள். அவர் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார்.

"என்னம்மா இது கூத்து?" என்றார் ஒன்றியத் தலைவர்.

"கூத்துதானுங்க தலைவரே. இங்க அடிக்கடி நடக்குது. நீங்கதான் பாக்க வாரதில்ல."

தூக்கினார்கள். மருத்துவ அதிகாரியின் ஷூ சேற்றில் மாட்டிக் கழன்றது. முக்கில் கட்டில் திரும்பவில்லை. பொறியாளரின் தோள் சுவரில் உரசிச் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. கட்டிலிலிருந்து நர்ஸம்மா கேட்டார்: "வலி வந்தவ இந்நேரம் கத்தோணுமுங்க. கத்தட்டுங்களா?"

தோட்டத்துக்காரருக்கு மூச்சு வாங்கியது. "வேண்டாம் அம்மிணி, எறங்குங்க. கதவு வெச்சிருங்கப்பா. எங்கய்யா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

மற்ற மூவரும் சரி என்றார்கள். நான் ஓர் உடைந்த செங்கல்லை எடுத்து, சாலைப் பக்கத்துச் சுவரில் அங்கேயே கதவை வரைந்தேன். சிவப்பாக, அளவெடுத்து, நிலையும் படியுமாக. அதுவரை நான் வரைந்ததிலேயே அழகான கதவு அதுதான்.

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் சரி என்றுவிட்டதால், இனி அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நிம்மதியாகப் போய்விட்டார்கள். மறுப்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் அவரோடு சண்டையாவது போட்டிருக்கலாம். சம்மதித்த மனிதர்களோடு என்ன சண்டை போடுவது? போகும் அலுவலகத்திலெல்லாம் நர்ஸம்மாவுக்கு நாற்காலி கொடுத்தார்கள், அந்தக் கட்டில் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள், சரி என்று மறுபடியும் சொன்னார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், நான் அங்கே போயிருந்தபோது, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று ஒரு பெண்ணைச் சாலையில் இறக்கியது. சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். சுற்றிப் போக நேரமில்லை. லாரிக் கிளீனர் ஓடிப்போய் நான் வரைந்த கதவைக் கையால் தட்டினான். "கதவு போட்டிருக்குது, தொறக்க மாட்டேங்குதேக்கா" என்றான். அந்த நிலையிலும் அவனுக்கு நக்கல். அந்தக் கோட்டுக்கடியிலேயே, நானும் லாரிக்காரர்களும் தூக்கிப் பிடித்த தார்ப்பாய்க்குக் கீழே, நர்ஸம்மா அந்தக் குழந்தையை எடுத்தார். சுவருக்கு அந்தப்புறம், கை நீட்டும் தூரத்தில், பிரசவ மேசை காலியாகக் கிடந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நர்ஸம்மா மழைநீரில் கையைக் கழுவினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சில மாதங்களில் எனக்கு ஆத்தூருக்கு மாற்றல் வந்தது. வெகுகாலம் கழித்துக் கேள்விப்பட்டேன்: அந்த விடுதியைப் பூட்டிவிட்டு, வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று கட்டிவிட்டார்களாம். ஒரு கதவு வைப்பதைவிட ஒரு கட்டடம் கட்டுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

பக்கத்து வீட்டில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்க்கிறேன். சொன்னபடியே நிலை நிற்கிறது. அந்த வீட்டம்மா முறத்தோடு அதன் வழியாகக் கொல்லைக்குப் போகிறார், என்றைக்கும் அங்கே கதவு இருந்தாற்போல, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மாற்றலாகி நான் சொல்லிக்கொள்ளப் போன அன்று நர்ஸம்மா சாலைவரை வந்தார், அந்தச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி. பஸ் வருவது தெரிந்தது. மழையில் பாதி கரைந்து போயிருந்த அந்தச் சிவப்புக் கோடுகளைக் காட்டினார்.

"அடுத்த வாட்டி வந்தீங்கன்னா சுத்திக்கிட்டு வராதீங்க சாமி. இப்படியே உள்ள வாங்க."