நான் போகலாமா?

நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில் மனுக்கள் அடித்துக் கொடுப்பவள் அவள். வக்கீல்களுக்கு டைப்பிஸ்ட் அக்கா. ‘சட்டவிரோதக் கைது’ என்று எத்தனையோ முறை அடித்திருக்கிறாள். எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொண்டதோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் கடைக்குள் நுழைந்தார்கள்.

“உன் தம்பி எங்க?”

“தெரியாதுங்க. அவன் எங்கூடப் பேசியே ஆறு மாசமாச்சு.”

“அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு. அஞ்சே நிமிஷம்.”

பாதி அடித்த மனு திரையில் அப்படியே நின்றது.

ஸ்டேஷனில் அவள் செல்போனை வாங்கி டிராயரில் போட்டார்கள். சுவரோரப் பெஞ்சைக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் இரண்டு மணி நேரமானது. உள்ளறையில் யாரோ அலறினார்கள். அவள் எழுந்து நின்றாள்.

“சார், என்னைக் கைது பண்ணிருக்கீங்களா?”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “கைதா? யாரும்மா சொன்னது? சும்மா உக்காந்திருக்கே.”

“அப்ப நான் போகலாமா?”

சிரிப்பு நின்றது. “தம்பி வரட்டும், போகலாம். உக்காரு.”

உட்கார்ந்தாள். அவள்மேல் புகார் இல்லை. காரணம் சொல்லவில்லை. ஆனாலும் வாசலைத் தாண்ட முடியாது. என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் இது கைதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பயம் இரட்டிப்பானது.

அவள் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் போய்ச் சொல்லி, அவளிடம் வழக்கமாக மனு அடிக்கும் வக்கீலம்மா மூன்று மணிக்கு வந்தார்.

“எந்த வழக்குல இவங்களப் பிடிச்சு வச்சிருக்கீங்க?”

“விசாரணைக்குத்தாம்மா.”

“காலையிலேருந்தா? எங்க பதிவு பண்ணீங்க, காட்டுங்க.”

எங்கேயும் பதிவில்லை. டிராயர் திறந்தது, செல்போன் கைக்கு வந்தது.

“வழக்குப் போடலாம்” என்றார் வக்கீலம்மா, வெளியே வந்ததும். “நமக்கெதுக்கு வம்பு?” என்றார் வீட்டில் கணவர். அவளும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்தாள். கதவு தட்டப்பட்டால் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். பிறகு ஒருநாள், சொந்த வீட்டிலேயே இப்படி ஒளிந்துகொள்ள வெட்கப்பட்டு, தன் மனுவைத் தானே அடித்தாள். மனுதாரர் இடத்தில் தன் பெயரை அடிக்கும்போது விரல் மூன்று முறை தவறியது.

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. போகவிடாமல் வைத்திருந்தாலே அது கைது, தம்பியைப் பிடிக்க அக்காவை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்றார் நீதிபதி. வக்கீலம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பின்னால் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. அவள் சட்டென்று மருந்துக்கடைக்குள் நுழைந்து, இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, ஜீப் போகும்வரை அங்கேயே நின்றாள்.