மந்திரிக்கு விழுந்த மூன்று மிஸ்டு கால்

போனுக்குக் கண் முளைத்த புதிது அது. அதுவரை காதும் வாயுமாக இருந்த சாமான் திடீரென்று பார்க்கவும் கற்றுக்கொண்டது. பார்வை என்னவோ அரைகுறைதான். தபால் தலை அளவுக்கு ஒரு படம் விழும். மாமனாரை எடுத்தால் மாமனார் மாதிரியும் இருக்கும், அலமாரி மாதிரியும் இருக்கும். ஆனாலும் ஆளாளுக்கு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானத்தையும் வாசலையும் படமாக எடுத்துத் தள்ளினார்கள்.

மீட்டரக்கா எடுத்தது நாய்களை.

வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துவருவது அவள் வேலை. கேட்டைத் திறந்து, பக்கத்துச் சந்தில் நுழைந்து, ஒட்டடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த எண் இருக்கும் இடம் வரை முழுசாகப் போய்ச் சேருவதுதான் உத்தியோகமே. ஒரு முறை குட்டை நாய் ஒன்று துரத்திய துரத்தலில் அவள் மதில்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மீட்டருக்கு எதிரே போய் விழுந்தாள். விழுந்த வாக்கிலேயே அந்த எண்ணையும் குறித்துக்கொண்டுதான் எழுந்தாள். கூட வேலை செய்யும் நெட்டை இதை அலுவலகத்தில் சொல்லும்போதெல்லாம் அந்தச் சுவர் ஒரு முழம் உயர்ந்துகொண்டே போகும்.

அவளுடைய தங்கை ஒரு பிரவுசிங் சென்டரில் வேலையாக இருந்தாள். அவள் மூளையில் உதித்ததுதான் அந்த வலைப்பூ. 'உள்ளே யார்?' என்று அதற்குப் பெயர். அக்கா ஒரு வீட்டு நாயைக் கதவு எண்ணோடு சேர்த்துப் போனில் படம் பிடிப்பாள்; குறிப்பிட்ட ஒரு முகவரிக்கு அனுப்புவாள்; படம் நேராக வலைப்பூவில் போய் உட்கார்ந்துவிடும். அடியில் எழுத வேண்டியதுதான் பாக்கி. அந்தப் போனுக்கோ தமிழ் தெரியாது. அதனால் அக்காவும் தங்கையும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். படத்தை அனுப்பியதும் அக்கா தங்கைக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒன்று கொடுத்தால் சாது. இரண்டு என்றால் குரைக்கும். மூன்று என்றால் கடிக்கும். தங்கை போனை எடுக்காமல் எண்ணிக்கொண்டு, கடைசியாக வந்த படத்துக்கு அடியில் அதை எழுதிவிடுவாள். செலவு கிடையாது, பேச்சும் கிடையாது.

"ஊர்ல அவனவன் போன்ல பொண்டாட்டி புருஷன் படத்த வெச்சிருக்கான். நீ நாய் படமா வெச்சிருக்க" என்று மீட்டரக்காவின் வீட்டுக்காரர் ஒரு நாள் குறைப்பட்டுக்கொண்டார்.

"அது அசையாம நிக்குதே" என்றாள் அவள்.

முதலில் மீட்டர் பார்ப்பவர்கள் மட்டும்தான் படித்தார்கள். பிறகு பேப்பர் போடுகிறவர், சிலிண்டர் தூக்குகிறவர், கூரியர்க்காரர் என்று கேட்டைத் திறந்து பிழைக்கும் ஜாதி முழுவதும் வந்து சேர்ந்தது. தங்கை அதற்குச் செய்தியோடை வேறு வைத்துக் கொடுத்திருந்தாள். அதில் சேர்ந்தவர்கள் வலைப்பூவைத் தேடிப் போக வேண்டியதில்லை; புதிதாக ஒன்று போட்டதும் அதுவே அவரவர் கணினிக்கு நடந்துவந்து படுத்துக்கொள்ளும். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அக்காவுக்கும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது. எழுதுவது மீட்டரக்கா என்பது படிப்பவர்களுக்கும் தெரியாது. தெரிந்துவிடவும் கூடாது. அடுத்தவர் வீட்டுக்குள் படம் எடுக்கக் கூடாது என்பது அலுவலக விதி. அவள் வேலை நிரந்தரமாகும் சமயம் வேறு.

இப்படி இருக்கையில் ஒரு காலை, மீட்டரக்கா தபால்காரர் வீட்டுக்குப் போனாள்.

தபால்காரர் ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை தூரதேசத்தில். வேலையில் இருந்த காலமெல்லாம் நாய்க்குப் பயந்தே சைக்கிளில் பறந்த மனுஷன், ஓய்வு பெற்றதும் ஒரு நாயைத்தான் வளர்த்தார். அதன் பெயர் மந்திரி. நெஞ்சை நிமிர்த்தி வாசலில் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும். ஒன்றும் செய்யாது. அப்புறம் வேறென்ன பெயர் வைப்பது? ஆனால் ஒரு வேலையை மட்டும் தவறாமல் செய்யும். தபால்காரருக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. அழைப்பு மணி அடித்தால் மந்திரி உள்ளே போய் அவர் சட்டை நுனியைக் கவ்வி இழுத்து வரும். பால் பொங்கினாலும் இழுக்கும், போன் அடித்தாலும் இழுக்கும். அவர் சட்டைகள் எல்லாமே ஒரு பக்கம் நீளமாகத் தொங்குவதற்கு அதுதான் காரணம்.

அன்றைக்கு வெயில் மந்திரி மேல் அழகாக விழுந்திருந்தது. மீட்டரக்காவுக்கு ஆசை வந்தது. கதவு எண்ணோடு சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்பினாள். ஒரு மிஸ்டு கால் கொடுக்கப் போனபோது தபால்காரர் தண்ணீர்ச் சொம்போடு வந்துவிட்டார். மகனுடைய வேலை, முழங்கால் வலி, புதிதாக வந்த பல்பின் விலை என்று பேச்சு வளர்ந்தது. பேச்சில் மிஸ்டு கால் மறந்தே போனது.

அதற்கு இரண்டு வீடு தள்ளி வெள்ளை கேட் வீடு. மீட்டர் மாடிப்படிக்கு அடியில், பாதாளத்தில் இருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பினால், கன்றுக்குட்டி அளவு ஒன்று நிற்கிறது. அவள் தோள்பையை அது கவ்வியது, அவள் விட்டுக்கொடுத்தாள். தண்ணீர் டிரம் மீது ஏறி நின்று படம் பிடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் குதித்து ஓடினாள். தெருமுனைக்கு வந்துதான் மூச்சு விட்டாள். மூச்சு விட்ட கையோடு தங்கைக்கு மூன்று மிஸ்டு கால் கொடுத்தாள்.

மாடிப்படிக்கு அடியில் சிக்னல் கிடையாது. கன்றுக்குட்டியின் படம் போனுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. தங்கை மூன்று மணியையும் எண்ணினாள். கடைசியாக வந்திருந்த படத்தைப் பார்த்தாள். அடியில் எழுதினாள்: 'கடிக்கும். கேட்டைத் தொட வேண்டாம்.'

கடைசியாக வந்திருந்த படம் மந்திரியுடையது.

மாலையில் சென்டருக்குப் போன அக்கா திரையைப் பார்த்ததும் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடியே, இது மந்திரிடி."

"நீதான மூணு அடிச்ச?"

"அது வேற நாய்க்கு. மொதல்ல இத அழி."

தங்கை அழித்தாள். திரை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. இருவரும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் அதே தெருவின் எதிர்வரிசை. மீட்டரக்கா போகும்போது தபால்காரர் வீட்டு கேட் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே மணியை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள், பால்காரர்தான். தபால்காரர் முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மணி அடிப்பது அவருக்குத் தெரியவே இல்லை. அவரைத் திருப்பிவிட மந்திரியும் இல்லை.

மீட்டரக்கா போய் அவர் முன்னால் நின்றாள்.

"கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா" என்றார் அவர். காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரல். "நகராட்சி வண்டி வந்துச்சு. கையில ஒரு பேப்பர். அதுல இவன் படம். கடிக்கும்னு போட்டிருக்காம். யாரு போட்டாங்கன்னே தெரியல. இவன் யாரம்மா கடிச்சான்? பிஸ்கட்டக் கூட நக்கித்தான் தின்பான்."

நகராட்சியில் நாய் பிடிக்கும் பிரிவின் அதிகாரியும் அந்தச் செய்தியோடையில் சேர்ந்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பேசாமல் வந்துவிடலாம். எழுதியது அவள் என்று ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. வேலை நிரந்தரமாகும் சமயம் என்று மனசு ஒரு தடவை முணுமுணுக்கவும் செய்தது. அவர் சட்டையின் நீண்ட நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயா, அத போட்டது நான்தான்" என்றாள்.

"என்ன?"

"நான்தான் போட்டேன்." இந்த முறை தெருவுக்கே கேட்டது. பால்காரர் கூட மணியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "வேற நாய்க்குப் போட வேண்டியது, மாறிப்போச்சு. நேத்தே அழிச்சிட்டேன்."

தபால்காரர் எழுந்து நின்றார்.

"நானும் கடுதாசிய மாத்திப் போட்டிருக்கேன்" என்றார். "ஆனா அந்த வீட்டுக்குப் போயி, 'தப்பா போட்டுட்டேன், குடுங்க'ன்னு திருப்பி வாங்கிட்டு வந்துடுவேன். நீ அழிச்சேங்கற. யாரு வீட்டுக்காவது போயி வாங்கினியா?"

அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் பின்னாலேயே போனாள்.

நாய் பட்டி ஊருக்கு வெளியே, லாரிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. கம்பி வலைக்குள் மந்திரி நெஞ்சை நிமிர்த்தித்தான் உட்கார்ந்திருந்தது. பதவி போனாலும் தோரணை போகவில்லை. முன் அறையில் அதிகாரி, புத்தம் புதுக் கணினிக்குப் பின்னால். தன் கணினிக்குச் செய்திகள் தாமாக வந்து விழுவதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"ஒரு வாரம் பார்ப்போம். அப்புறம் ஊசி போட்டு முடிச்சிடுவோம்" என்றார்.

"சார், அந்தப் படம் இப்ப எங்க வலைப்பூவுல இல்ல. அழிச்சாச்சு."

"உங்க வலைப்பூவுல இல்லைன்னா? என் கம்ப்யூட்டர்ல இருக்கே." திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மந்திரி இருந்தது, அடியில் அந்தப் பாழாய்ப்போன வரியும். "நீங்க அழிச்சது உங்க வீட்டுச் சுவத்துல. இது என் வீட்டுக்குள்ள வந்தாச்சு. கடிக்கும்ங்கறதுக்கு ஆதாரம் இருக்கு. கடிக்காதுன்னு ஆதாரம் கொண்டாங்க."

"கடிக்காததுக்கு எப்படி சார் ஆதாரம் காட்டறது?"

"அதாம்மா கஷ்டம்" என்றார் அதிகாரி, உண்மையான அனுதாபத்தோடு. "ஆமா, நீங்க யாரு? யாரு வேணா வந்து நான்தான் எழுதினேன்னு சொல்லலாமே."

மீட்டரக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். அவர் பெயரையும் அலுவலகத்தையும் நிதானமாக எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை அவள் அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நேராகப் போய்த் தாழை நீக்கிக் கம்பி வலைக்குள் நுழைந்து, மந்திரியின் வாயைத் திறந்து, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டாள். மந்திரி சங்கடமாக அவளைப் பார்த்தது. பல் டாக்டரிடம் போன பெரிய மனிதரைப் போல வாயைத் திறந்தபடியே காத்திருந்தது.

"சார், படம் எடுங்க. என் போன் மேஜை மேல இருக்கு."

அதிகாரி கேமரா போனை அதுவரை தொட்டதில்லை. முதல் படத்தில் அவருடைய கட்டைவிரல் கம்பீரமாக விழுந்தது. இரண்டாவதில் அவர் மூக்கு. மூன்றாவதில்தான் நாயும் கையும். அதை அனுப்பிவிட்டு மீட்டரக்கா தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை வழக்கம்போல எடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழாவது முறைதான், இந்தக் கணக்கில் இப்படி ஒரு நாயே கிடையாதே என்று எடுத்தாள்.

"எழுதிக்கடி. முந்தின படத்துல நாங்க எழுதினது தப்பு. இந்த நாய் கடிக்காது. வாய்ல இருக்கறது என் கை. இதத் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் பின்னூட்டம் போடுங்க. நாய் பட்டியில இருக்கு, ஒரு வாரத்துல ஊசின்னு போடு. எம் பேரையும் போடு."

"பேரையா? அக்கா, ஆபீஸ்ல..."

"போடுடி."

புதிய செய்தி அதிகாரியின் கணினிக்கும் தானாக வந்து விழுந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். நாற்காலியைக் காட்டி இருவரையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். விசிறி சுற்றியது. தபால்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கூரியர்க்காரர் எழுதினார்: 'இதுவா? நான் போனால் கேட்டைத் திறந்து விடுமே.' பேப்பர்க்காரர்: 'மழையில் பேப்பரை நனையாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தது.' சிலிண்டர்க்காரர்: 'ஒரு தடவை இதன் வால் மேல் சிலிண்டரை வைத்துவிட்டேன். எடுக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.' நெட்டை எழுதியது ஒரே வரி: 'என் வீட்டுக்காரியை விட சாது.' ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. ஊரில் கேட்டைத் திறப்பவர்கள் இத்தனை பேரா என்று அதிகாரிக்கு மலைப்பு.

நடுவே ஒன்றில் அவர் விரல் நின்றது. "இங்க பாருங்க. செருப்பக் கவ்விட்டுப் போச்சுன்னு ஒருத்தர் போட்டிருக்கார்."

"செருப்பு அப்ப கால்ல இருந்துச்சான்னு கேளுங்க சார்."

அதிகாரி உண்மையாகவே கேட்டு எழுதினார். பதில் வந்தது. 'இல்லை, வாசலில் கழற்றி வைத்திருந்தேன். திரும்பக் கொண்டுவந்தும் கொடுத்தது, கொஞ்சம் ஈரமாக.'

அதிகாரி இழுப்பறையைத் திறந்து மந்திரியின் சங்கிலியை எடுத்துத் தபால்காரரிடம் கொடுத்தார். "விதிப்படி உங்க ஆபீசுக்கு நான் தெரியப்படுத்தணும்மா" என்றார் மெதுவாக.

"படுத்துங்க சார்" என்றாள்.

அவர் படுத்தினார். அவளுடைய நிரந்தரம் தள்ளிப்போனது; எல்லா மீட்டரும் ஒரே சுவரில் வரிசையாக இருக்கும் அடுக்குமாடிப் பக்கத்துக்கு அவளைத் தூக்கிப் போட்டார்கள். அங்கே நாய் கிடையாது, கதையும் கிடையாது. அந்தக் கன்றுக்குட்டியின் படம் மெல்ல வெளியே வந்து சேர்ந்தபோது, "கடிக்கும்னு போடவா?" என்று தங்கை கேட்டாள். "வேணாம். வீட்டுக்காரங்கள கட்டிப்போடச் சொல்லிட்டு உள்ள போங்கன்னு போடு" என்றாள் அக்கா.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குப் பட்டியின் வாசலில் ஆட்டோ கூப்பிட்டபோது மந்திரி ஏற மறுத்துவிட்டது. வண்டி என்றாலே அதற்கு நம்பிக்கை போய்விட்டது. மூவரும் நடந்தார்கள். லாரிகளின் நிழலோடு, தார் உருகும் சாலையில், தபால்காரர் முன்னால், மந்திரி அவர் பக்கத்தில், மீட்டரக்கா பத்தடி பின்னால். அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

பாதி வழியில் மந்திரி நின்று அவர் சட்டை நுனியை இழுத்தது. அவர் குனிந்து பார்த்தார். செருப்பின் வார் அறுந்து இழுபட்டுக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்தார். வாரைக் கோர்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு கையில் சங்கிலி.

தலையை நிமிர்த்தாமலே சங்கிலியை அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தா, புடி. சும்மா நிக்கற."

அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.