லவினாவின் வலது முழங்கை

லவினாவுக்குத் தோற்கப் பிடிக்காது. கேரம் விளையாட்டில் பெற்ற பிள்ளையிடம் தோற்றாலும் அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கும். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அவள் கைதான் வேண்டும் என்று காத்திருந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கை இப்போது மக்கர் செய்தது.

டென்னிஸ் ஆடி ஆடி முழங்கையில் வலி. ஊசி பிடித்தால் விரல் லேசாக நடுங்கியது. இன்னொரு முறை இழுத்துக்கொண்டால் மாதக்கணக்கில் ஊசியைத் தொட முடியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இறுதி ஆட்டம். வருஷா வருஷம் அதில் தோற்றுக்கொண்டிருந்தவள் சும்மா இருப்பாளா?

பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் அவள் புருஷன் ரோனி, ஒரு கடையில் கெஞ்சிக் கூத்தாடி, ஆடிப் பார்க்க இரண்டு ராக்கெட் வாங்கி வந்தான். கறுப்பு விறைப்பானது. சும்மா காட்டினாலே பந்து கடைசிக் கோட்டுக்குப் பறந்தது; ஒவ்வொரு அடியின் அதிர்வும் முழங்கை வரை ஏறியது. நீலம் வளைந்து கொடுத்தது. பந்து ராக்கெட்டின் நரம்பு வலையில் ஒரு கணம் தங்கிப் போவதைக் கை உணர்ந்தது, வலியே இல்லை. ஆனால் வேகத்தை ஆடுகிறவள்தான் கொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய உடம்பு எவ்வளவுதான் கொடுக்கும்?

"நீலத்துல ஆடு லவி," என்றான் ரோனி.

ஞாயிறன்று நீலத்தை ஓர நாற்காலியில் போட்டுவிட்டு, கறுப்பைத்தான் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

எதிரே மமதா, கல்லூரியை முடித்த கையோடு வங்கியில் சேர்ந்தவள், ஓட அலுக்காத கால்கள். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவதில் லவினா முன்னால் இருந்தாள். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் கோப்பை. அப்போது ஒரு பந்து ராக்கெட்டின் ஓரத்தில் பட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுரீரென்று ஒரு வலி ஓடியது. விரல்களை மடக்கிப் பார்த்தாள். மரத்துப் போயிருந்தன. நாளைக்கு ஊசி பிடிக்க வேண்டிய விரல்கள்.

"இன்னா லவி, வலிக்குதா? அத்த வெச்சிட்டு வேற எடு!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரோனி கத்தினான்.

"நீ கம்முனு இரு!"

கத்திவிட்டு, நாற்காலிக்குப் போய், நீலத்தை எடுத்தாள். எடுக்கும்போதே தெரியும், ஆட்டம் போய்விடும் என்று. கால் ஓயும்வரை ஓடினாள், தோளைச் சுழற்றி அடித்தாள். பந்து பாதி வழியிலேயே விழுந்தது. மமதா விடவில்லை.

"ஜெயிக்கிற ஆட்டம்க்கா," கை குலுக்கும்போது மமதாவுக்கே தாங்கவில்லை. "அந்தக் கறுப்ப ஏன்க்கா வெச்சிட்டீங்க?"

லவினா இரண்டு ராக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

திங்கட்கிழமை பரிசோதனைக் கூடத்துக்கு முதல் ஆளாகத் தசரதன் வந்தார். தங்கச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த உடம்பு. ரத்தக்குழாய் தேடினாலும் கிடைக்காது. ஊசியைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

"இன்னாம்மா, இந்த வாட்டியும் தோத்துட்டியாமே?"

"ஆமா மாமா."

"கையில தெம்பே இல்லன்னு பேசிக்கிறாங்க. செரி, குத்து. பாத்து, மெதுவா குத்து."

"எடுத்தாச்சி மாமா. பஞ்ச அழுத்திப் புடிங்க."