நான் டிக் போட்ட அறிவிப்பு

1. கடைசி நாளுக்கு மறுநாள்

நுழைவுத் தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டு விண்ணப்பிக்கும் கெடு திங்கட்கிழமை மாலை நான்கு மணியோடு முடிந்தது. பிரிசில்லா அட்மிஷன் செக்‌ஷனுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு.

ஸ்கிரைப் என்பவர், பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதுபவர். அவர் இல்லாமல் பிரிசில்லா தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் எம்.ஏ. வரலாற்றில் இடம் கேட்க முடியாது. தேர்வு அந்தச் சனிக்கிழமை.

நான் ஊட்டியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வெப் டெவலப்பர். ஒப்பந்த வேலை, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அந்த ஆண்டு எனக்குக் கொடுத்த பொறுப்பு, மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தும்படி இணையதளத்தைத் திருத்துவது. வேலையை முடித்துப் பதிவாளரிடம் அறிக்கை கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அறிக்கையில் எல்லா வரியிலும் டிக் இருந்தது.

அட்மிஷன் செக்‌ஷன் சூப்பரின்டெண்டென்ட் சென்னியப்பன் சார் இன்டர்காமில் கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், கொஞ்சம் கீழ வந்துட்டுப் போங்க. உங்க வெப்சைட்டுல படிக்க முடியலைன்னு ஒரு பொண்ணு வந்து நிக்குது."

நான் போனபோது பிரிசில்லா கவுன்டருக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எமரால்டு கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். மடக்கிய வெள்ளைக் கோல் மடியில் இருந்தது. ஸ்வெட்டர் தோளில் நனைந்திருந்தது.

"அறிவிப்பு போட்டுப் பத்து நாளாச்சுங்கம்மா," என்றார் சார். "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"கேட்டுட்டே இருந்தேனுங்க சார்."

"கேட்டா வெவரம் தெரியுமில்லீங்க?"

"நீங்களும் ஒருக்காக் கேளுங்க."

ஃபோனிலிருந்து இயர்ஃபோனைப் பிடுங்கினார். எங்கள் இணையதளத்தைத் திறந்து அந்த அறிவிப்பைத் தொட்டார். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் நிதானமாக வாசித்தது: "ஜி ஒய்... ஃபியஃப்... ஃபோஃப் கே..." அதே தெளிவான உச்சரிப்பில் கடைசி வரி வரைக்கும் போனது. பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள்.

"இது என்ன பாஷைங்க?" என்றார் சார்.

"உங்க ஆபீஸ் பாஷைங்க. நேத்து சாயங்காலம் ஃப்ரெண்டு ஒருத்தி, ஸ்கிரைப் ஃபார்ம் குடுத்துட்டியான்னு ஃபோன்ல கேட்டா. அப்பத்தான் இப்படி ஒரு ஃபார்ம் இருக்கறதே தெரிஞ்சுது."

"ஊட்டுல யாரையாச்சும் படிச்சுக் காட்டச் சொல்லியிருக்கலாமே."

"எதைப் படிக்கச் சொல்றதுங்க சார்? இந்த மாதிரி இருபது பேப்பர் அதுல கெடக்குது. அத்தனைக்கும் ஆள் கூப்பிட்டா அப்புறம் கேரட்டுக்கு யாரு தண்ணி உடறது?"

சார் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கத்தை அவர் கணினியிலேயே திறந்தேன். திரையில் அழகான தமிழ் இருந்தது: பல்கலைக்கழகம், பார்வைக் குறைபாடு உள்ளோர் கவனத்திற்கு.

2. எங்கே தவறினேன்

ஒரு அறிவிப்பு ஸ்கேன் செய்த படமா, உண்மையான எழுத்தா என்று பார்க்க எங்களிடம் ஒரு சுலபமான வழி உண்டு. மவுஸால் வரியை இழுக்க வேண்டும். எழுத்து நீல நிறத்தில் தேர்வானால் அது எழுத்து. ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். நான் இழுத்தேன். தேர்வானது. டிக் போட்டேன். தானாகச் சோதிக்கும் டூலும் குறை எதுவும் சொல்லவில்லை.

சென்னியப்பன் சார் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். இருபது வருடமாகப் பழைய தமிழ் ஃபான்ட் ஒன்றில்தான் அடிக்கிறார். இந்த வகை ஃபான்ட்டில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஜி என்ற எழுத்தின் மேல் ப என்ற வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள், அவ்வளவுதான். பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஸ்கிரீன் ரீடர் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதை எடுக்கிறது. வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். முழு ஆய்வையும் நான் கண்ணாலேயே செய்திருந்தேன்.

தளத்தில் கிடந்த தமிழ் அறிவிப்புகளை அன்று வரிசையாக ஒட்டிப் பார்த்தேன். இருபத்தொன்றில் பத்தொன்பது அதே ஃபான்ட்.

3. ஃபைலுக்கு ஒரு பேப்பர்

"பாவந்தானுங்க மேடம்," என்றார் சென்னியப்பன் சார். "ஆனாத் தேதியை நான் மாத்த முடியாது. ஏன் மாத்தறோம்னு ஃபைல்ல ஒரு பேப்பர் வேணும். டெக்னிக்கல் எரர்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, நான் மேல அனுப்பறேன்."

"டெக்னிக்கல் எரர்னா சர்வர் லாக் கேப்பாங்க சார். சர்வர் பத்து நாளும் ஒழுங்காத்தான் ஓடியிருக்கு."

"அப்ப என்ன எழுதுவீங்க?"

"நடந்ததைத்தான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க கான்ட்ராக்ட் ரெனியூவல் ஃபைல் எடுக்கறப்ப உங்க பேப்பர்தான் மேல இருக்கும். ரோசனை பண்ணிக்கோங்க."

யோசித்தேன். சர்வர் பதிவில் இல்லாத கோளாறைக் காரணமாக எழுதினால் பதிவாளர் அலுவலகம் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பும். அந்தக் கடிதம் போய் வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். ஆகவே எழுதியது இது:

அ. மேற்படி அறிவிப்பு, யாருக்காக வெளியிடப்பட்டதோ அவர்களால் வாசிக்க இயலாத நிலையில் இருந்தது.
ஆ. வாசிக்க இயலும் என்று என் அறிக்கையில் குறிப்பிட்டது தவறு.
இ. தவறு என்னுடையது, விண்ணப்பதாரருடையது அன்று.
ஈ. கெடுவைப் புதன்கிழமை மாலை வரை நீட்டிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் போட்டுக் கையெழுத்திட்டேன். சார் ஒருமுறை படித்துவிட்டு, ஃபைலில் கோத்துத் தானே மாடிக்கு எடுத்துப் போனார். பிரிசில்லா பெஞ்சிலேயே இருந்தார். கேன்டீனிலிருந்து டீ வாங்கி வந்து கொடுத்தேன். "பேப்பர் மேல போனதுக்கே டீ. அனுமதி வந்தா டிபனுங்களா?" என்றார். மூன்று மணிக்கு அனுமதி வந்தது.

நீட்டிப்பு அறிவிப்பை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே கோப்பில் பதியும் யூனிகோடில் நானே அடித்தேன். தளத்தில் ஏற்றுவதற்கு முன் பிரிசில்லாவின் ஃபோனுக்கு அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டு, "இப்பத் தமிழ் பேசுதுங்க," என்றார். அப்புறம்தான் ஏற்றினோம். அடுத்த நாள் அந்த அறிவிப்பைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஸ்கிரைப் கேட்டு விண்ணப்பித்தார்கள்.

4. எண் எந்தத் தலைப்பின் கீழ்

தேர்வு முடிந்து கிளம்பும்போது பிரிசில்லா கணினி மையத்துக்கு வந்தார். "ரிசல்ட்டும் அந்த பாஷையிலதான் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

முந்தைய ஆண்டின் முடிவுப் பட்டியலை எடுத்து ஸ்கிரீன் ரீடரில் ஓட்டினேன். பதிவெண்கள் எல்லாம் தெளிவாகக் கேட்டன, இலக்கங்கள் எந்த ஃபான்ட்டிலும் இலக்கங்கள்தாம். தலைப்புகள்தாம் கேட்கவில்லை. தேர்வானோர், காத்திருப்போர், தகுதி பெறாதோர் என்ற மூன்றும் ஒரே மாதிரி இரைச்சலாக வந்தன. அதாவது, பார்வையற்ற ஒருவர் தன் எண்ணை அந்தப் பட்டியலில் கேட்டுவிடுவார். இடம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் தெரியாது.

சென்னியப்பன் சாரிடம் இதை ஓட்டிக் காட்டினேன். "அடப்பாவமே," என்றார். அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் யூனிகோட் விசைப்பலகையில் அடித்துப் பழகினார். வேகம் பாதிதான் வந்தது. முடிவுப் பட்டியலை அவரேதான் அடித்தார்.

வெளியிடும் நாளில் மானிட்டரை அணைத்துவிட்டு, இயர்ஃபோனைப் போட்டுக்கொண்டு பட்டியலை முதலிலிருந்து கேட்டேன். ஒரு தலைப்பு, எண்கள், அடுத்த தலைப்பு, எண்கள். பிரிசில்லாவின் எண் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அது காத்திருப்போரில் மூன்றாவதாக வந்தது. நிறுத்தாமல் கடைசி வரை கேட்டு முடித்தேன். பதினொரு மணிக்குப் பட்டியல் தளத்தில் ஏறியது.

பதினொன்று ஒன்பதுக்கு ஃபோன் வந்தது.

"மேடம், பிரிசில்லா பேசறேனுங்க. காத்திருப்போர்ல மூணாவது."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள், "அப்படீங்களா," என்றேன்.

"நானே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேனுங்க. ஊட்டுல எல்லாரும் தோட்டத்துல இருக்காங்க. இனிமேத்தான் போய்ச் சொல்லோணும்."

இரண்டாம் சுற்றில் அவருக்கு இடம் கிடைத்தது. அது அவர் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. என் ஒப்பந்தத்தை அந்த முறை ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பித்தார்கள். காரணமாக அந்தப் பேப்பரைக் காட்டினார்கள், நானும் மறுக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் டூல்களின் பட்டியல் கேட்கிறார்கள். கொடுக்கிறேன். கூடவே மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்கச் சொல்கிறேன். ஒருவருடைய தேர்வு முடிவு, அவருக்குத் தெரிவதற்கு முன் அவருக்காகப் படித்துச் சொல்பவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. நாம் செய்யும் வேலை அதற்காகத்தான்.