குழந்தை யார் ஜாடை?

ஒரு மணி நேரத்துல பிலிம் கழுவி பிரிண்ட் போட்டுத் தர்ற கடையில வேலை பார்த்தா, ஊர்ல வெட்டற அத்தனை பிறந்தநாள் கேக்கும் கண்ணுல படும். ஒரு துண்டு கிடைக்காது. கவுன்ட்டருக்குப் பின்னால நின்னு கால் வலிச்ச சகபாவிகளே, தொண்ணூறுகள்ல நான் அமெரிக்காவுல பிஸ்கட்டவேங்கற ஊர்ல நின்ன கதை இது.

நார்மல் அம்மா

முதல் நாள் மேனேஜர் பாப் மெஷினைச் சொல்லிக் கொடுத்தார். வெள்ளைக்காரர், தங்கமான மனுஷன். மெஷின் மேல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு சிரிக்கிற கார்டு. அடியில 'நார்மல்'னு போட்டிருந்தது. அந்தம்மா முகம் சரியா வந்தா எல்லார் முகமும் சரியா வருமாம். என் கறுத்த கையை நீட்டி, "இது?"ன்னு கேட்டேன். பாவம், பதறிட்டார். போட்டோ கடையில நின்னுக்கிட்டு அவர் சொன்னது: "இங்கே நாங்க யாரோட கலரையும் பார்க்கறதில்லை, மீனா."

மைனஸ் ரெண்டு

எங்க அபார்ட்மென்ட்ல இருந்த கோயம்புத்தூர் ஆன்ட்டி மகளோட வந்தாங்க. வரன் பார்க்க ஊருக்கு அனுப்பற போட்டோ. "பொண்ணு மாநிறந்தான் கண்ணு, கொஞ்சம் கலரா போட்டுக் குடு"ன்னாங்க. எனக்கு எரிச்சல்தான். ஆனா ஆன்ட்டிங்ககிட்ட யார் பேசி ஜெயிக்கிறது? மெஷின்ல தேடினா, பிரிண்ட்டோட அடர்த்தியைக் குறைச்சு வெளுப்பாக்க ஒரு மைனஸ் பட்டன் இருந்தது. ரெண்டு தட்டு தட்டினேன். பொண்ணு பால்கோவா கலர்ல வெளியே வந்தா. ஆன்ட்டிக்கு வாயெல்லாம் பல்லு. இங்கேயே பிறந்த மக மட்டும் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டா: "மாம், ஹூ இஸ் திஸ்?"

போர்வை

குளோரியான்னு ஒரு கறுப்பினத்து அம்மா, ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க. மகன் கடற்படையில, கப்பலோட எங்கேயோ தூரத்துல. இங்கே அவனுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருக்கு. ஆஸ்பத்திரியில எடுத்த படங்களை எங்ககிட்ட பிரிண்ட் போட்டுத்தான் அனுப்பியிருந்தாங்க. அவன் போன் பண்ணி, "அம்மா, போர்வை நல்லா தெரியுது. குழந்தை யார் ஜாடை?"ன்னு கேட்டானாம். சொல்லும்போதே அவங்க குரல் உடைஞ்சுது.

படத்தைப் பார்த்தேன். பூப்போட்ட வெள்ளைப் போர்வை பளிச்சுன்னு இருக்கு, நடுவுல முகம் ஒரே இருட்டு. "மெஷின் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே போடுது?"ன்னார் பாப். "அதுதான், பாப், தப்பே"ன்னு சொல்லிட்டு நெகட்டிவை வாங்கி மாட்டினேன்.

இந்தத் தடவை பட்டனைத் தட்டினது வெளுக்க வைக்க இல்லை, முகம் தெரியறதுக்கு. போர்வையில இருந்த பூவெல்லாம் அழிஞ்சு போச்சு. குழந்தை கறுப்பாத்தான் இருந்தது. ஆனா கண்ணு வந்தது, மூக்கு வந்தது, கன்னத்துல குழி வந்தது. பாப் எட்டிப் பார்த்து, "போர்வை போச்சே"ன்னார், ஆனா மெதுவாத்தான் சொன்னார். குளோரியா படத்தை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "அப்படியே அப்பன் மூக்கு. பாவம் குழந்தை."

கலரைப் பார்க்காம முகத்தைப் பார்க்க முடியாதுன்னு போட்டோ கடைக்காரங்க எங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தட்டிக் காட்டத்தான் பட்டன் இல்லை.